மஞ்சள் புகை போகும் வரை

கரி சுட்ட கதையைத் தெரிந்துகொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? வீட்டில் கேஸ் அடுப்பு, கையில் செல்போன், உடம்பில் மடிப்புக் கலையாத சட்டை. புகையில் நின்று இருமியது நான். அதையும் கேட்டால்தான் உங்களுக்குச் சோறு இறங்குமா? சரி, கேட்டுத் தொலையுங்கள்.

அப்போது கடலூர் முதுநகரில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு இஸ்திரி வண்டி இருந்தது. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத வருஷங்கள் அவை. அதனால் கரிப்பெட்டி வைத்திருந்த எங்களுக்கு மவுசு. பக்கத்துக் கன்னியர் மடத்தின் வெள்ளை உடுப்புகள் மொத்தமும் எங்களிடம்தான் வரும். அந்த வெள்ளையில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

கடைக்கரி பாதிக்குப் பாதி தூளாக வர ஆரம்பித்ததும், நாமே சுட்டுக்கொள்ளலாம் என்று சவுக்கு விறகு வாங்கிப் போட்டேன். என் மருமகள் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவும் வேலைக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். அவள் சொன்னாள்:

"அங்கயும் இதான் அத்தை நடக்குது. மரத்தூளை டப்பாவுல போட்டு, காத்து போவாம மூடிச் சுடுறாங்க. சூடு கம்மின்னா கரி ஜாஸ்தி. கொஞ்சம் ஏத்துனா தாரு மாதிரி எண்ணெய் ஜாஸ்தியா வருது. இன்னும் ஏத்துனா எல்லாம் காத்தாப் போயிடுது."

"காத்த வச்சி நான் யாருக்குடி இஸ்திரி போடுறது? கம்மியாவே சுடுவோம்."

மூடி போட்ட தகர டிரம்மில் விறகை அடுக்கி, மூடியில் ஒரு ஓட்டை போட்டு, கல் மேல் ஏற்றி அடியில் தீ வைத்தேன். முதலில் வெள்ளைப் புகை வந்தது. அது ஈரம். பிறகு கண்ணைக் கரிக்கிற மஞ்சள் புகை. அந்த மஞ்சளைப் பார்த்ததும், கரியெல்லாம் காற்றாய்ப் போகிறதே என்று வயிறு எரிந்து, அடியிலிருந்த தீயை வெளியே இழுத்துவிட்டேன். ஆறியபின் திறந்தால் டிரம் நிறையக் கரி. கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் கனம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்தக் கரியைப் போட்ட பெட்டி புகைந்தது. மடத்துத் துணி மூன்றில் டீ சிந்தியதுபோல் கறை.

மடத்து சிஸ்டர் துணியை விரித்துக் காட்டினார். "ஆயா, என்ன இது?"

"வெறும் வெள்ளையா இருக்கேன்னு கொஞ்சம் டிசைன் போட்டேன் சிஸ்டர்."

"சிரிக்காதீங்க ஆயா. ஞாயித்துக்கெழம கோயில் திருவிழா. இன்னொரு தடவ இப்புடி ஆச்சின்னா நாங்க வேற ஆளப் பாத்துக்குவோம்."

சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து மருமகளைப் பிடித்தேன். "நீ சொன்ன மாதிரிதானடி சுட்டேன்?"

"கம்மியா சுட்டா கரி ஜாஸ்தின்னு சொன்னேன். நல்ல கரின்னு சொன்னனா? தாரு பூரா உள்ளயே தங்கியிருக்கு அத்தை. அதான் பொகையுது."

அன்றே மறுபடி டிரம்மை ஏற்றினேன். மஞ்சள் புகை வந்தது. இந்த முறை தீயை இழுக்கவில்லை, இன்னும் விறகைத் தள்ளினேன். மூடி ஓரத்தில் தார் வழிந்தது. புகை மெலிந்து நீலமானது. திடீரென்று ஓட்டையில் வந்த புகையே தீப்பிடித்து நாக்கு நீட்டியது.

"போதும்டி! எல்லாம் காத்தாப் போவுது!" என்று வீட்டுக்காரர் குதித்தார்.

"போவட்டும்யா. மடம் போவக்கூடாது."

அந்தத் தீயும் தணிந்த பிறகுதான் விறகை இழுத்து, ஓட்டையைச் சேறு வைத்து அடைத்தேன். ஆறவிட்டுத் திறந்தால், கரி டிரம்மின் அடியில் கிடந்தது. முதல் தடவையில் பாதிகூட இல்லை. ஆனால் பஞ்சுபோல் லேசு, தட்டினால் கண்ணாடிச் சத்தம். அதைப் பற்றவைத்து முதலில் என் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியைத்தான் தேய்த்தேன்.

"ஏன், ஒம் பொடவையத் தேயேன்."

"ஏம் பொடவ நல்ல பொடவ."

பொட்டுக் கறை இல்லை. சனிக்கிழமை மடத்துத் துணி மொத்தமும் மடிப்போடு போனது. சிஸ்டர் ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வாரத்து மூட்டையைக் கையில் கொடுத்தார்.

தெருவில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அவ்ளோ வெறவுக்கு இவ்ளோண்டு கரிதானா? நல்லா ஏமாந்த போ!"

"மீதிய நீங்கதானடி மோந்து பாத்தீங்க? அதுக்கு நான் காசு கேட்டனா?" என்றேன். "வாராவாரம் சுடப்போறேன். மஞ்சப் பொகை போற வரைக்கும் தீய எடுக்க மாட்டேன். அன்னிக்குத் துணி காயப்போட்டுட்டு எங்கிட்ட சண்டைக்கு வராதீங்க."