மூன்றாவது வரி

"மே மாசத்துக்குள்ள இது படிக்கலன்னா, செய்யாறு பக்கத்துல எங்கண்ணன் வூட்ல கொண்டுபோய் விட்ருவேன்."

கம்பெனி பஸ்சுக்காக நின்றுகொண்டிருந்த அந்த அக்கா இதைச் சொன்னபோது, அவருடைய மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயேதான் நின்றாள். மூன்றாம் வகுப்பு படிக்கிற பெண். பேச்சு தன்னைப் பற்றியது இல்லை என்பதுபோல் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஆனால் அம்மாவின் கையை மட்டும் விடவில்லை.

நான் அப்போது பிளஸ் ஒன். எங்கள் பள்ளியில் ஒவ்வொருவரும் ஊருக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது ஒரு சேவை செய்து காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் ஒரு மரக்கன்றை நட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து வேலையை முடித்துவிட்டார்கள். அடுத்த வாரம் அந்தக் கன்றுகளை ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. எனக்கு இந்த மாதிரி ஒப்புக்குச் செய்கிற வேலையைக் கண்டால் ஆகாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்லாதவர்கள் இல்லை. அந்தக் கோபத்தில்தான், பிள்ளைகளுக்கு நான் படிக்கச் சொல்லித் தரப்போகிறேன் என்று வகுப்பில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். எப்படி என்பதை உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன்.

நாங்கள் குடியிருந்தது ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில், வாடகைக்கு விடவென்றே வரிசையாகக் கட்டிய வீடுகளில். ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருப்பார், இல்லையென்றால் போய்விட்டு வந்து தூங்கிக்கொண்டிருப்பார். என் அப்பா கம்பெனி பஸ் டிரைவர். காலை ஷிப்டுக்கு எங்கள் ஸ்டாப்பில் வந்து நிற்பது அவர் ஓட்டுகிற வண்டிதான். ஒரு ஸ்டாப்பில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டார். கூடப்பிறந்த தங்கச்சி ஓடி வந்தாலும் அந்த ஆள் நிறுத்த மாட்டார் என்று அதில் போகிற அக்காக்கள் கிண்டல் செய்வார்கள். அது கிண்டல் இல்லை. என் அத்தையை ஒருமுறை விட்டுவிட்டே போயிருக்கிறார்.

மூன்றாம் வகுப்புப் பெண்ணின் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளி. அவளுடைய அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டுபவர். எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. அம்மாவுக்கு ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதிய ஷிப்ட். மதிய ஷிப்ட் வாரத்தில் அந்தப் பெண் பள்ளி விட்டு வரும்போது அம்மா போயிருப்பார், அம்மா திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். உட்கார்ந்து படிக்க வைக்க வீட்டில் ஆள் இல்லை என்பதுதான் அந்த அக்காவின் கணக்கு. அண்ணன் வீட்டில் அண்ணி எந்நேரமும் வீட்டில் இருக்கிறார், அவருடைய பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் மண்ணைக் கிளறிய அந்தச் செருப்பைப் பார்த்தபோது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

"நான் படிக்க வெக்கிறேங்க்கா. மே மாசம் வரைக்கும் டைம் குடுங்க," என்றேன்.

தண்ணீர் தொட்டிக்கு அடியில் சாயங்கால நிழல் நன்றாக விழும். அங்கே பாய் விரித்து, அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தேன். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய கதைப் புத்தகங்களில் பாதிக்கு அட்டை கிடையாது. பிள்ளைகளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: வெயில் தாங்காமல் குடை வாங்கச் சந்தைக்குப் போகிற ஆமையின் கதை. ஒரு புத்தகம், அதற்கு அத்தனை பிள்ளைகளும் அடிதடி. இரண்டு நாள் சண்டையை விலக்குவதற்கே சரியாகப் போனது.

மூன்றாம் நாள் பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வரிசையாக உட்கார்ந்து, நீளமான ஒரு பலகையை மடி மேல் வைத்துக்கொண்டு, புத்தகத்தைத் தள்ளிவிட வேண்டியது. முதல் ஆள் முதல் வரியைப் படித்துத் தள்ளுவான், அடுத்த ஆள் அடுத்த வரி. ஆளுக்கு ஒரு வரியோடு பக்கம் முடிந்துவிடும். கடைசி ஆள் பக்கத்தைத் திருப்பி ஆரம்பத்துக்கே அனுப்புவான். அவர்கள் வீட்டில் தினமும் காதில் விழுவது கம்பெனி அசெம்பிளி லைன் பேச்சுதானே. இதற்கு 'லைன் ஓட்டுவது' என்று பெயர் வைத்தார்கள். அவரவர் உட்காருகிற இடம் அவரவர் ஸ்டேஷன். நான் சூப்பர்வைசர் அக்கா. யாராவது திக்கினால், "லைன் நிக்கிது, லைன் நிக்கிது" என்று மற்றவர்கள் சத்தம் போடுவார்கள். நம்முடைய பெண்ணுக்கு மூன்றாவது இடம். முதல் வாரம் அவளிடம்தான் லைன் நின்றது; பக்கத்தில் இருப்பவன் அவள் வரியைச் சொல்லிக்கொடுத்து ஓட்டிவிடுவான். அடுத்த வாரமே மற்றவர்களைவிட வேகமாகப் படித்துத் தள்ளிவிட ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. போனில் வீடியோ எடுத்துப் பள்ளியில் காட்டினேன். டீச்சர் இரண்டு முறை பார்த்துவிட்டு, "இதுக்குப் பேர்தான் சேவை" என்றார். சர்டிபிகேட்டும் வந்துவிட்டது. அப்பா அதை டிவி பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா தண்ணீர் தொட்டிப் பக்கம் வந்தார். "எப்டி கீது, எதுனா படிக்கிதா?" என்று கேட்டார். நான் பெருமை தாங்காமல் ஆமைப் புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்து, "அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு" என்றேன்.

அவள் முதல் பக்கத்தைத் திறந்தாள். பேசாமல் இருந்தாள். உதடுகூட அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "'இந்த வெயிலில் என் ஓடு தோசைக்கல் மாதிரி சுடுகிறதே' என்றது ஆமை," என்று கணீரென்று சொன்னாள். அது மூன்றாவது வரி. மறுபடியும் அமைதி. பக்கத்தைத் திருப்பினாள். அங்கேயும் இரண்டு வரி நேரம் காத்திருந்து, மூன்றாவது வரியைச் சரியாகச் சொன்னாள்.

"மேல கீற வரிய படி," என்றேன்.

"அது என் ஸ்டேஷன் இல்லக்கா," என்றாள்.

அவள் ஏமாற்றவில்லை. அவளுக்கு வந்த வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறாள். முன்னால் இருப்பவர்கள் எந்த வரியில் முடிப்பார்கள், தனக்கு எது வரும் என்று காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டாள். புத்தகம் அவள் கைக்கு வந்ததே தவிர, ஒரு எழுத்தும் கண்ணுக்குள் போகவில்லை. நான் எடுத்த வீடியோவில் எல்லாமே அழகாக இருந்தது.

அந்த அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. புத்தகத்தை வாங்கி மூடி என்னிடம் கொடுத்தார். "நீ இன்னாம்மா பண்ணுவ. பரீட்ச முடிஞ்சதும் எங்கண்ணன் வந்து கூட்டினு போயிடும். எனக்கு மட்டும் இத அனுப்பிட்டு இருக்கணும்னு ஆசையா?" என்றார். கடைசி வார்த்தை சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா, "அதான் சர்டிபிகேட்டு வந்துச்சே. உனக்கும் பரீட்ச வருது. உட்றும்மா," என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் டிவி பக்கத்தில் அந்தச் சர்டிபிகேட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய் அதை எடுத்துப் பீரோவுக்கு மேல் போட்டேன். "அவ படிக்காம நான் உட மாட்டேன்," என்றேன். அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் பலகையைத் தூக்கித் தூர வைத்தேன். இனி லைன் கிடையாது, ஒருவர் முழுப் பக்கமும் படித்தால்தான் அடுத்தவருக்குப் புத்தகம் என்றேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. பாதிப் பேர் விளையாடப் போய்விட்டார்கள். போகட்டும் என்று விட்டேன். எனக்கு அவள் ஒருத்தி வேண்டும்.

அம்மாவுக்குக் காலை ஷிப்ட் என்றால், விடியும் முன்பே ஸ்டாப்புக்குப் போய் அவளை அழைத்துக்கொண்டு வருவேன். பள்ளிக்குப் போகும்வரை என்னோடுதான். மதிய ஷிப்ட் என்றால் சாயங்காலம் எங்கள் வீட்டில். எழுத்திலிருந்து ஆரம்பித்தோம். அவள் அழுதாள். நான் கத்தினேன். என் கத்தலைக் கேட்டு என் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, "நீ படிச்ச லட்சணம் எனக்குத் தெரியும், மெதுவா சொல்லிக் குடுடி," என்பார். ஒருநாள் அவள் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, "போக்கா, நான் செய்யாறுக்கே போறேன்," என்றாள். சொன்ன வேகத்திலேயே முகம் கோணிக்கொண்டது. நான் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி அவள் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே திறந்தாள்.

ஆமைக் கதையை அவள் மனது விடவே இல்லை. ஒரு வரியைக் காட்டினால் அடுத்த வரி வாயில் தானாக வந்துவிடும். அதனால் ஒரு வேலை செய்தேன். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியிலிருந்து மேலே மேலே படிக்கச் சொன்னேன். அப்படிப் படித்தால் மனப்பாடம் உதவாது, எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். கதை தலைகீழாகப் போனது. ஆமை குடையோடு கிளம்பி, சந்தைக்குப் போய், குடையைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, வெயிலில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பாதியில் அவளுக்கு அது பிடிபட்டுவிட்டது. "அக்கா, ஆமைக்கு லூசாக்கா? குடையத் திருப்பிக் குடுத்துட்டு வருது," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முதல் தடவையாக அவள் படித்தது அவளுக்கே புரிந்திருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் பாடம்தான். மெடிக்கல் ஷாப் போர்டு, அரிசி மூட்டை, சுவரொட்டி. ஒருநாள் டீக்கடைச் சுவரில் 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்' என்று எழுதியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து முடித்தாள். கீழே கிடந்த குப்பையைப் பார்த்தாள். "அப்புறம் இன்னாத்துக்குக்கா கொட்டிகீறாங்க?" என்று கடைக்காரர் காதில் விழும்படி கேட்டாள். அவர் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பரீட்சை முடிந்தது. அவளுடைய மாமா மத்தியானம் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. அம்மாவுக்கு அந்த வாரம் காலை ஷிப்ட். மாமா வரும்போது அவர் வேலையில் இருப்பார். அழுது கலாட்டா ஆகாமல் இருக்கட்டும் என்றே அப்படி ஏற்பாடு செய்திருந்தார் என்று நினைக்கிறேன். அவள் துணிப்பை முதல் நாளே கட்டி வைத்தாகிவிட்டது.

விடிந்தும் விடியாத நேரத்தில் நானும் அவளும் ஸ்டாப்பில் நின்றோம். என் கையில் அவள் அதுவரை பார்க்காத ஒரு புத்தகம். பிள்ளைகள் யாரும் லைனில் ஓட்டாத புத்தகம். பல் தேய்த்த ஈரத்தோடு கம்பெனி அக்காக்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அவளுடைய அம்மாவும் வந்தார்.

"அக்கா, இவ படிக்கிறத ஒரு தடவ கேட்டுட்டுப் போங்க," என்றேன்.

"பஸ் வர நேரம்மா."

"வர்ற வரைக்கும்."

டீக்கடை விளக்குக்குக் கீழே போய் நின்று அவள் புத்தகத்தைத் திறந்தாள். முதல் வரியைப் படித்தாள். விரல் வைத்து, எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். இரண்டாவது வரி. மூன்றாவது வரி முடிந்ததும் மூச்சு வாங்க நின்றாள். அவள் விரல் கீழே இறங்கியது. நான்காவது வரி.

பஸ் வந்துவிட்டது. கதவு திறந்து மற்றவர்கள் ஏறினார்கள். அந்த அக்கா அசையவில்லை. அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அப்பா ஹாரன் அடிக்கப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் ஸ்டீயரிங்கை விட்டு எங்களையே பார்த்தார். பிறகு இறங்கி வந்து, நன்றாக இருந்த முன் டயரைச் சுற்றிச் சுற்றிக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல்களில் இருந்த ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

அந்தப் பக்கமும் முடிந்தது. அந்த அக்கா முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு படியில் கால் வைத்தார். திரும்பி மகளைப் பார்த்தார்.

"மீதிய சாயங்காலம் வந்து கேக்கறேன்," என்றார். அடுத்த நிமிடம் ஜன்னலோரம் உட்கார்ந்து, "அண்ணே, நீ வர வேணாம்ணே," என்று போனில் சொல்வது கேட்டது. அப்பா டயரை விட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

பஸ் போன பிறகு, "மீதி எவ்ளோ இருக்கு, படி பாக்கலாம்," என்றேன் நான், ஆசை அடங்காமல்.

அவள் தலையை ஆட்டினாள். "அது அம்மாக்கு," என்று புத்தகத்தை மூடினாள். பக்கம் தொலைந்துவிடக் கூடாது என்று நடுவில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, வீடு வரைக்கும் அப்படியே நடந்து வந்தாள்.