தேசப்பனின் பேரன் பேத்திகள்

எங்கள் கும்மிடிப்பூண்டியில் ஒருவர் செத்துப்போனால் முதலில் பந்தல்காரருக்குச் சொல்வார்கள், அடுத்தது பிரின்சிக்கு. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டாத சாவு இங்கே சாவிலேயே சேராது. ரயில்வே ஸ்டேஷன் சுவரிலும் சிப்காட் போகிற வழியிலும் ஒட்டியிருக்கும் படங்களுக்குக் கீழே நாலு வரிப் பாட்டு இருக்குமே, அதை எழுதுகிறவள் அவள்தான். சின்னதுரையின் ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலை. நான் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவள் இருமினால் எனக்குக் கேட்கும்.

அவள் அப்பா பிறர் வயலில் கூலிக்குப் போனவர், பிறகு கம்பெனியில் மூட்டை தூக்கினார். பிரின்சி பத்தாவது படிக்கும்போதே சபையில் கிறிஸ்துமஸுக்குப் பாட்டுக் கட்டுவாளாம். அந்தப் பழக்கம்தான் சோறு போட்டது. கல்யாண பேனர் அடிக்க மாப்பிள்ளையின் கூட்டாளிகள் கும்பலாக வந்து நிற்பார்கள். அவனைப் பற்றி நாலு கேள்வி கேட்பாள், கிண்டலாக ஒரு வரி தட்டிவிடுவாள். 'இத்தனை நாள் இவன் பேச்சை நாங்கள் கேட்டோம், இனிமேல் இவன் கேட்பான்' என்று ஒன்று எழுதினாள். பெண் வீட்டாரே அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த பேனர் கூத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பிரின்சி எழுதியது என்றால் நின்று படித்துவிட்டுத்தான் போவேன்.

அப்போதெல்லாம் சாவுக்கு மட்டும் அவள் கேள்வி கேட்க மாட்டாள். அழுது வீங்கிய முகத்தோடு வருகிறவர்களிடம் என்ன கேட்பது? பழைய ஃபைலைத் திறப்பாள், படத்தை மாற்றுவாள், பெயரை மாற்றுவாள், பிரிண்ட் கொடுப்பாள். யாரும் குறை சொன்னதில்லை. அந்த வகையில் எங்கள் ஊரில் செத்தவர்கள் எல்லாருமே ஆலமரம், எல்லாருமே குலவிளக்கு.

போன வருடம் ஒரு நாள் காலையில் சுப்பராயன் என்ற பெரியவர் போய்ச் சேர்ந்தார். நெல் வயலும் டிராக்டருமாக வாழ்ந்த மனிதர். 'ஆலமரமாய் நிழல் தந்தாய்' என்று ஆரம்பிக்கும் பாட்டைப் போட்டு, கீழே 'ஆழ்ந்த வருத்தத்துடன் மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள்' என்று முடித்தாள். அது பிரிண்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலைந்து பையன்கள் ஓடிவந்தார்கள். இரும்புக் கம்பெனியில் கான்டிராக்ட் வேலை பார்த்த தேசப்பன் என்பவன் செத்துவிட்டான். பழுக்கக் காய்ந்த கம்பி தடம் மாறி வந்து அடித்திருக்கிறது. வயது இருபத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வருவதற்குள் போஸ்டர் வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள்.

பிரின்சி பெரியவரின் ஃபைலையே எடுத்துப் படத்தை மாற்றினாள், பெயரை மாற்றினாள். கீழ் வரியை மாற்ற மறந்துவிட்டாள்.

ஸ்டேஷன் சுவரில் இரண்டு போஸ்டரும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டப்பட்டன. மீசை சரியாக முளைக்காத அந்தப் பையனின் படத்துக்குக் கீழே, அவனுடைய மருமகள்களும் பேரன் பேத்திகளும் ஆழ்ந்த வருத்தத்தில் இருந்தார்கள். ரயிலுக்கு நின்ற வெட்டிப் பயல்கள் அதைப் படம் பிடித்து, சிரிக்கிற பொம்மை போட்டு வாட்ஸ்அப்பில் விட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் பார்த்துவிட்டது. அவர்களைக் கட்டி வைத்து உதைத்திருக்க வேண்டும்.

காரியம் முடிந்து தேசப்பனின் அம்மா கெங்கம்மாள் கடைக்கு வந்தாள். ஒரு கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை செய்பவள், எழுதப் படிக்கத் தெரியாது. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் எழுந்துகொண்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"எம்மா, எம்புள்ளைக்கு பேரன் கீறானாமே? எங்க கீறான், காட்டு. ஒரு தபா பாத்துட்டுப் போறேன்."

பிரின்சியின் முகத்தையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

அன்றோடு பிரின்சிக்கு எழுத்து நின்றுபோனது. அடுத்து வந்தது ஒரு கல்யாண பேனர்தான், சாவுகூட இல்லை. வெள்ளைத் திரையைப் பார்த்தபடி மதியம் வரை உட்கார்ந்திருந்தாள். பையன்கள் சலித்துப்போய் வேறு கடைக்குப் போனார்கள். வாரக்கணக்கில் இப்படியே நடந்தது. சின்னதுரை அவளுக்கு விசிட்டிங் கார்டும் விலைப் பலகையும் மட்டும் கொடுத்தார். வேறு ஆள் பார்க்கலாமா என்று என் காதுபடவே போனில் பேசினார். எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. கவிதைப் புத்தகம் போடுகிறவர்களுக்கு வருகிற நோய் ஃப்ளெக்ஸ் கடைக்காரிக்கு எதற்கு? ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டேவிட்டேன்.

"வார்த்தையே வரலியா உனக்கு?"

"யாருண்ணா வரலன்னது? வந்துக்கினேதான் கீது. கைய வச்சா முதல்ல ஆலமரம் வந்து நிக்குது. இத அந்தம்மா கேட்டா இன்னா நெனைக்கும்னு தோணுது, அழிச்சிடறேன். அப்பால குலவிளக்கு வருது. அதையும் அழிச்சிடறேன். அதுக்கப்பறம் உள்ள ஒண்ணுமே இல்லண்ணா."

"போய் ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வந்துடேன்."

"போனேன். 'நீ இன்னாமா பண்ணுவ, போ'ன்னுச்சி. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்."

வெட்கம் ஒரு ஆளின் கையை இப்படிக் கட்டிப்போடும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருடம் அவளுக்குச் சோறு போட்ட வார்த்தைகளை அவளே நம்பவில்லை. சபையில் போதகர் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். நாலு நாள் லீவு போட்டு அக்கா வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். எதுவும் ஆகவில்லை.

"இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? போன்ல கேட்டா அதுவே எழுதிக் குடுக்குது" என்று சின்னதுரை ஒரு நாள் போனை நீட்டினார். இறந்தவருக்கு ஒரு பாட்டு என்று கேட்டார். கண்மூடித் திறப்பதற்குள் போன் எழுதிவிட்டது. முதல் வரியிலேயே ஆலமரம். பிரின்சி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. நான் ஜெராக்ஸ் மெஷினை ஓட விட்டேன்.

தேசப்பன் செத்து வருடம் திரும்புகிற சமயத்தில் கெங்கம்மாள் மறுபடியும் வந்தாள். இந்தக் கடைப் பக்கம் தலை வைத்துப் படுப்பாளா என்று நினைத்திருந்தேன். ஆனால் அவளுக்கு வேறு வழி இல்லை.

"எம்புள்ளைக்கு வருச தெவசம் வருது. படம் ஒண்ணு வேணும். அவன் போனு அவங்கூடவே போயிடிச்சி. உங்க பொட்டியிலதான் அவன் மூஞ்சி கீது. பாட்டு கீட்டு ஒண்ணும் போடாத, படம் மட்டும் போட்டுக் குடு."

பிரின்சி படத்தைத் தேடி எடுத்துத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். கெங்கம்மாள் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள்.

"இந்த சட்ட எனக்குத் தெரியலியே" என்றாள். "எப்ப வாங்கனான் இத?"

பிரின்சி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த ஒரு வருடத்தில் அவள் யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்க்கவில்லை. "குந்துமா. அவன் எப்பிடி இருப்பான், சொல்லேன்" என்றாள்.

"எனக்கு இன்னா தெரியும்?" கெங்கம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவனுக்கு எப்பவும் நைட்டு ஷிப்டு. அவன் வர்றதுக்குள்ள நான் வேலைக்கி பஸ் ஏறிடுவேன். நான் வர்றதுக்குள்ள அவன் போயிடுவான். ஞாயித்துக்கெழமையும் ஓவர்டைம். சோத்த மூடி வெச்சிட்டுப் போவேன். சாயங்காலம் வந்தா சட்டிய கழுவி கவுத்தி வெச்சிருப்பான். அத்த வெச்சிதான் புள்ள துன்னுட்டான்னு தெரியும். வேற இன்னா தெரியும் எனக்கு?"

பிரின்சி திரும்பிக் கீபோர்டில் கை வைத்தாள். நான் எழுந்துபோய்த் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன், எனக்கு அந்த நாகரிகம் எல்லாம் கிடையாது. முதலில் 'மீளாத் துயில்' என்று வந்தது. அழித்தாள். பிறகு தயங்கித் தயங்கி, அந்தம்மா சொன்னதையே எழுதினாள்.

அதற்கப்புறம் பிரின்சி எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள். பழைய வேகம் இல்லை. சாவு வீட்டாரை உட்கார வைத்துக் கேட்கிறாள். பாதிப் பேர் கடுப்பாகி வேறு கடைக்குப் போகிறார்கள், அவர்களுக்கு ஆலமரம்தான் வேண்டியிருக்கிறது. சின்னதுரையும் புலம்பாத நாள் இல்லை. அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு எழுதியதை அவள் கெங்கம்மாளுக்குப் படித்துக் காட்டினாள்.

தேசப்பன் இரவு வேலைக்குப் போவான்.
நான் பகல் வேலைக்குப் போவேன்.
சோறு மூடி வைத்துவிட்டுப் போவேன்.
சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தால்
என் பிள்ளை சாப்பிட்டுவிட்டான் என்று தெரியும்.
இப்போது சட்டியை நானே கழுவுகிறேன்.

கெங்கம்மாள் எழுந்து போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பிரின்சி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"இத செவுத்துல ஒட்டாத" என்றாள் கெங்கம்மாள் கடைசியில். "போன தபா ஒட்னத மாடு கிழிச்சித் துன்னுச்சி, பசைக்கோசரம். நான் நின்னு பாத்துக்கினு இருந்தேன். ஒண்ணே ஒண்ணு போட்டுக் குடு, ஊட்டுக்குள்ள மாட்டிக்கிறேன்."

"சரிம்மா."

"இன்னொரு தபா படி."

பிரின்சி படித்தாள். நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு முடித்தாள்.

"இன்னொரு தபா."

மூன்றாவது முறை படித்தபோது கெங்கம்மாளின் உதடும் கூடவே அசைந்தது. வீட்டில் படித்துக் காட்ட ஆள் இல்லை. அவள் அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.