குடும்பப் பெயர் என்றொரு கட்டம்

இன்று எங்கள் நூலகத்துக்கு மல்லிகா என்றோர் அம்மா வந்தார். சாரம் பகுதியிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறார்.

"நான் எழுதன கதைப் பொஸ்தகம் ரெண்டு இங்க இருந்துச்சே, இப்ப இருக்குதாம்மா?"

புதிய விதிப்படி எல்லா நூல்களையும் கணினியில் ஏற்றி முடித்த பெருமையில், திரையை அவர் பக்கமே திருப்பிக் காட்டினேன்.

ஆசிரியர் வரிசையில் மல்லிகா இல்லை.

புதிய விதியில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்காது. எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் குடும்பப் பெயர் இருக்கும். நமக்கு ஏது? இனிஷியலை விரித்துப் போட்டு நிரப்பியிருந்தோம்.

ஆக, கல்யாணத்துக்கு முன் எழுதிய நூல் அவருடைய அப்பா கோவிந்தனின் பெயரில் இருக்கிறது. பின்னால் எழுதியது கணவர் ராமுவின் பெயரில். கணினிக்கு இவர்கள் இரண்டு ஆசிரியர்கள்.

"எங்கப்பா என் நோட்டப் புடுங்கி அடுப்புல போட்ட ஆளும்மா. அவுரா எழுதனாரு?"

மேலதிகாரியிடம் ஓடினேன். "ஒண்ண மாத்துனா எல்லாத்தயும் மாத்தணும். வுடும்மா" என்றார்.

ஓர் ஆசிரியரின் நூல்களெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கத்தான் இந்த விதி என்று பயிற்சியில் சொன்னார்கள். நானும் கைதட்டினேன்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார். "மூணாவதா ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். இப்ப பையன் வூட்லதான் இருக்கேன். அது யாரு பேர்லம்மா வரும்?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.

குடும்பப் பெயர் கட்டாயம்.