நான்கு நாட்டுத் 'தக்'குடன் சமாதானபுரம்

சனிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு மதுரை மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ் ஏறினேன். பையில் ஒரு வேட்டி, ஒரு துண்டு, நாலாய் மடித்த ஒரு தாள். அந்தத் தாளை நம்பித்தான் என் நண்பன் சங்கரன் ஆழ்வார்குறிச்சியில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தான்.

சங்கரன் ஐந்து வருஷம் டென்மார்க்கில் வேலை பார்த்துத் திரும்பியவன். அவன் மனைவி செண்பகத்தின் அண்ணன் முத்தையா, பாளையங்கோட்டைக்காரர், போலந்தில் ஒரு கிட்டங்கியில் மூன்று வருஷம் பெட்டி அடுக்கியவர். டென்மார்க்கில் 'தக்' என்றால் நன்றி. சங்கரன் தன் மூன்று வயது மகள் யாழினிக்கு அதைப் பழக்கி வைத்திருந்தான். போலந்தில் 'தக்' என்றால் ஆமாம். பொங்கலுக்கு வந்த மாமன் ஒரு அதிரசம் கொடுத்தார். குழந்தை 'தக்' என்றது. ஆமாம், இன்னும் வேண்டும் என்கிறது என்று நினைத்து இன்னொன்றை எடுத்தார். கொடுத்ததும் மறுபடி 'தக்'. ஐந்தாவது அதிரசம் ஆஸ்பத்திரியில் முடிந்தது. யார் நாட்டு 'தக்' சரி என்று இருவரும் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டதாம்.

ஞாயிறன்று யாழினிக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் அங்கே எந்தப் பிள்ளைக்கும் காது குத்த மாட்டார்கள். முத்தையாவோ வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ அகராதிக்கு புரூஃப் பாக்குதவம்லா, நீ எடுத்துச் சொன்னா கேப்பாரு" என்று சங்கரன் போனில் கெஞ்சினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அகராதி ஆளை யார் இப்படி மதித்துக் கூப்பிடுகிறார்கள்? இரண்டு நாள் தேடித் தாளில் எழுதினேன்: டென்மார்க்கில் நன்றி, போலந்தில் ஆமாம், செக் மொழியில் அப்படி, டச்சில் மரக்கிளை. ஆகவே இருவரும் சரி, யாருக்கும் தோல்வி இல்லை.

ஒன்பது பத்துக்குத் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையம். நூற்று அறுபது கிலோமீட்டர் போல வந்திருந்தேன். பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு டவுன் பஸ்ஸில் பாளையங்கோட்டை சமாதானபுரம் போய் இறங்கினேன். சண்டை தீர்க்கப் போகிறவனுக்கு எவ்வளவு பொருத்தமான நிறுத்தம் என்று வேறு சந்தோஷப்பட்டேன்.

முத்தையா இடுப்பில் சாரம் கட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தாளைப் பிரித்து நாடு நாடாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இம்புட்டுதானா?"

"டச்சும் இருக்கு அண்ணாச்சி, மரக்கிளை."

"எல்லாம் தெரியும்வே. கிட்டங்கியில எம் பக்கத்துல நின்னவனே செக்குக்காரன்தான்."

"அப்புறம் ஏன் வரமாட்டேங்கிறீங்க?"

அவர் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அழைப்பிதழின் படம். கீழே ஒரு கும்பிடு.

"ஆழ்வார்குறிச்சி என்ன டென்மார்க்குலயா இருக்கு? அம்பது கிலோமீட்டர் வராது. தாய்மாமனைக் கூப்பிட ஒரு ஆளு வரல, வெத்தல பாக்கு இல்ல. படம் அனுப்புதான். பிளாட் விக்கவனும்தான் எனக்குப் படம் அனுப்புதான். அங்கன போயிட்டா இருக்கேன்?"

"இதை அவன்கிட்ட நீங்களே சொல்லியிருக்கலாமே."

"கேட்டு வாங்குனா அது அழைப்பாவே?"

நான்கு நாடுகளையும் மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பதினொன்றரைக்கு அம்பாசமுத்திரம் பஸ். மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், பத்தமடை என்று ஊர்கள் போயின. சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் நாற்று பச்சையாக நின்றது. எதிரே மலை வந்துகொண்டே இருந்தது. எனக்கு எதுவும் ரசிக்கவில்லை. பக்கத்தில் உரமூட்டையோடு இருந்தவர் எங்கே போகிறீர் என்று கேட்டார். நண்பன் வீட்டுக் காது குத்து, தாய்மாமன் கோபமாக இருக்கிறார் என்று ஆரம்பித்தேன். 'தக்' வருவதற்கே விடவில்லை.

"நேர்ல போய்க் கூப்பிட்டாகளா?" என்றார்.

உரமூட்டைக்காரருக்கு அரை நிமிஷத்தில் தெரிந்தது, அகராதிக்காரனுக்கு இரண்டு நாள் தேடியும் தெரியவில்லை. வெட்கமாகப் போயிற்று.

அம்பாசமுத்திரத்தில் பஸ் மாறி இரண்டு மணிக்கு ஆழ்வார்குறிச்சி. சங்கரனிடம் சொன்னேன். "படத்துக்குக் கீழ ரெண்டு நீலக்கோடு விழுந்துச்சேலே, பாத்துட்டாருன்னுதான அர்த்தம்?" என்றான்.

செண்பகம் கையிலிருந்த சருவப்பானையை இறக்கி வைத்தாள். "நாலு நாளா நேர்ல போங்கன்னு சொல்லுதேன், கேட்டியளா? எங்கண்ணன் அதிரசத்துக்குக் கோவிக்க ஆளு இல்ல. நாளைக்கு எம்பிள்ளைய யாரு மடியில உக்கார வைப்பிய? பந்தக்காலு மடியிலயா?"

சங்கரன் குரல் இறங்கிவிட்டது. "அம்புட்டு பேச்சு பேசிட்டு அவரு வாசல்ல போய் நிக்க எனக்குப் பயமா இருந்துச்சுலே."

போக வர ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குக் கார் பேசினோம். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், கற்கண்டு. ஐந்து இருபதுக்கு மறுபடி சமாதானபுரம். வழியெல்லாம் சங்கரன் ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வரி வரவில்லை.

"மச்சான், நாளைக்குப் பத்தரைக்கு... நீங்க இல்லாம..." என்றான், அவ்வளவுதான். தட்டை நீட்டினான்.

முத்தையா தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ஜோலி கெடக்கு. பாப்போம்" என்றார். அவர் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வெளியே வைத்தார். பட்டுப்பாவாடை, தங்கத் தோடு, முத்தையாவின் வேட்டி சட்டை எல்லாம் மடித்து அடுக்கி இருந்தன. "ஒரு வாரமா கட்டி வச்சிட்டு வாசலையே பாத்துக்கிட்டு கெடக்காரு" என்றார்.

"நீ உள்ள போ" என்றார் முத்தையா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞாயிறு பத்தரைக்குக் காது குத்து நடந்தது. யாழினி மாமன் தாடையில் முட்டி அலறினாள். அவள் அழுகை பாயசத்தோடு நின்றது, அவருடையது பந்தி முடிந்தும் நிற்கவில்லை.

சாப்பிட்டுக் கிளம்பித் திருநெல்வேலியில் மதுரை பஸ் ஏறினேன். கோவில்பட்டி தாண்டும்போது நெஞ்சில் ஏதோ உறுத்தியது. இரண்டு வருஷத்துக்கு முன் மதுரையில் வீடு கட்டிப் பால் காய்ச்சினேன். சாத்தூரில் இருக்கும் என் அண்ணன் வரவில்லை. முழங்கால் வலி என்றார், நானும் நம்பினேன். நான் அவருக்கு அனுப்பியதும் ஒரு படம்தான். கீழே ஒரு கும்பிடு.

மதுரை வரைக்கும் டிக்கெட் இருந்தது. சாத்தூரில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டு கடையில் வெற்றிலையும் பழமும் வாங்கிக்கொண்டு நடந்தேன். அண்ணன்தான் கதவைத் திறந்தார். கையில் இருந்ததைப் பார்த்தார்.

"என்னடா, என்ன விசேஷம்?"

"கூப்பிட வந்தேண்ணே."

"எதுக்கு?"

"புது வீட்டுல பால் காய்ச்சுறதுக்கு."

 அண்ணன் வெற்றிலையை வாங்கிக்கொண்டு, "இரு, சட்டையப் போட்டுட்டு வாரேன்" என்றார்.