கடைசி நிறுத்தம்

என் மாப்பிள்ளை ஓட்டும் பஸ் கேளிக்கைப் பூங்கா வாசல் வரைதான் போகும். ஒன்பது வருடமாக ஊரார் பிள்ளைகளை அங்கே இறக்கிவிடுகிறார். உள்ளே கால் வைத்ததில்லை. தன் இரண்டு பையன்களோடு போக ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் திட்டம் போடுவார். அப்போதுதான் கூட்டம் அதிகம் என்று டிப்போவில் லீவு தரமாட்டார்கள்.

"அடுத்த லீவுல பாக்கலாம் அத்தை" என்றார் இந்த முறையும்.

"அதுக்குள்ள பசங்களுக்கு மீசை முளைச்சிடும் மாப்பிள்ளை. உங்க பஸ்லயே நாங்க வர்றோம்" என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

பூங்கா வாசலில் மகளும் நானும் பெரியவனோடு இறங்கினோம். சின்னவன் மட்டும் படியைவிட்டு நகரவில்லை.

"அப்பா, கடைசி ஸ்டாப் வந்தாச்சு. இறங்குப்பா."

மாப்பிள்ளை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, மதிலுக்கு மேலே சுற்றும் ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது.

"எல்லாத்துலயும் ஏறு. சாயங்காலம் இதே பஸ்ல ஏறி, ஒண்ணுவிடாம சொல்லு" என்றார்.