எண்ணிக்கை சரியாக இருந்தது

நம்பாதவர்கள் டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் பாசா ஊருக்குப் போய் அலோய்ஸ் ஹிர்ட்சிங்கரிடமே கேட்டுக்கொள்ளலாம். சொல்ல மாட்டார். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். நடந்தது நிஜம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

டான்யூபில் வரும் சுற்றுலாக் கப்பல் பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுவது அலோய்ஸின் தொழில். இறகு செருகிய தொப்பி, வெள்ளிப் பூண் போட்ட குடை, தும்மினால்கூடப் பேராசிரியர் தோரணை. பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. கடவுளிடமும் கொஞ்சம் தகராறுதான். அவர் முழுசாக நம்பியது தன் எண்ணிக்கையை மட்டும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தலை தவறியதில்லை என்று பீர்க் கடைகளிலெல்லாம் சொல்லுவார், கேட்காதவர்களிடமும்.

நவம்பர் கடைசி வாரம். பகல் 2.10. அவருடைய குழுவில் இருபத்து நாலு பேர். ஒவ்வொருவர் கழுத்திலும் எண் போட்ட சின்னக் கருவி, காதில் ஒரு குமிழ். அலோய்ஸ் தன் காலரில் உள்ள மைக்கில் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். அவர்கள் பேசினால் அவருக்குக் கேட்காது. இந்த ஏற்பாடு அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

பதினேழாம் எண் தியார்டா உப்பன் என்ற அம்மாளுடையது. வடக்கே கடலோரத்து எம்டன்காரர். எழுபத்தெட்டு வயது. சிவப்புக் கம்பளித் தொப்பி, கைத்தடி, சொன்ன பேச்சு கேட்காத ஒரு முழங்கால்.

2.50. ஆற்றங்கரையில் ஒரு பழைய வீடு. அதன் அடியில் உப்புக் கிடங்காக இருந்த நிலவறை. மேலே இரும்புத் தகடு அடித்த கதவு, உள்ளே பதினெட்டுப் படி. சாவி ஊரில் இரண்டே பேரிடம்தான். அதைச் சொல்லாமல் அலோய்ஸ் அந்தக் கதவைத் திறந்ததே இல்லை.

கடைசிப் படியோடு உப்பன் அம்மா நின்றுவிட்டார்.

"இதுக்கு மேல ஒரு அடி முடியாது தம்பி."

"தூணுக்குப் பின்னாடி கல் இருக்கு, உட்காருங்க. போகும்போது நானே வந்து கூப்பிடுறேன்."

இந்த வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். அவர் மறந்துவிட்டார்.

அரை மணி நேரம் சொற்பொழிவு. 3.25-க்கு வாசலில் நின்று, வெளியே வருகிறவர்களைக் குடை நுனியால் எண்ணினார். மைக்கை அணைக்கவில்லை. ஒன்று... இரண்டு... இருபத்து நாலு. பூட்டினார்.

பேல்மன் என்று ஒருவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வழி நெடுக அலோய்ஸ் சொன்ன ஆண்டுகளைத் திருத்திக்கொண்டே வந்தவர். காதுக் குமிழைக் கழற்றிப் பார்த்தார்.

"ஐயா, உங்ககூடச் சேர்ந்து எண்ணுச்சே... அது யாரு?"

"நான் மட்டும்தானே எண்ணினேன்."

"இல்ல, ஒரு பொம்பளைக் குரல். நீங்க இருபத்து மூணுல நிறுத்திட்டீங்க. இருபத்து நாலு சொன்னது அவதான்."

இவரைப் பிள்ளைகள் எப்படித்தான் பொறுத்துக்கொண்டார்களோ என்று அலோய்ஸ் மைக்கில் வியந்தார். எல்லோரும் சிரித்தார்கள். பேல்மன் சிரிக்கவில்லை.

3.50. பேராலயச் சதுக்கம். மறுபடி எண்ணினார். சரி. வரிசையின் கடைசியில் சிவப்புத் தொப்பி. முகம் தெரியவில்லை. கைத்தடியைக் காணோம். நொண்டவும் இல்லை.

மழை இல்லாத நாள். அந்தத் தொப்பி கடந்த கற்கள் மட்டும் ஈரமாக இருந்தன.

4.20. கப்பல் துறை. கருவிகளைப் பையில் வாங்கிக்கொண்டார். இருபத்து நாலு. பதினேழாம் கருவியில் சேறு ஒட்டியிருந்தது. அதைக் கொடுத்த கை... சில்லென்று இருந்தது. குளிர்காலம்தானே என்று விட்டுவிட்டார்.

கப்பலில் பயணிகளைக் கவனிப்பவள் இனெஸ். அவளிடம் ஒரு பலகை உண்டு. திரும்பி வருகிறவர்கள் தங்கள் எண் சீட்டைப் பச்சைப் பக்கமாகத் திருப்பிவிட்டு உள்ளே போகவேண்டும். பதினேழு சிவப்பாகவே இருந்தது.

"அலோய்ஸ், அந்த அம்மா ஏறின மாதிரி தெரியல. ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்களேன். இருபது நிமிஷம் கப்பலை நிறுத்தி வைக்கிறேன்."

"கருவி வந்தாச்சு, தலையும் வந்தாச்சு. சீட்டைத் திருப்ப மறந்திருப்பாங்க. வயசு."

"உங்க எண்ணிக்கையை நம்பட்டுமா?"

"இருபத்திரண்டு வருஷம், இனெஸ்."

அவளே சீட்டைத் திருப்பினாள். 4.45-க்குக் கப்பல் கிளம்பியது.

6.35. அலோய்ஸ் வீட்டில் தொலைபேசி அடித்தது.

"சாப்பாட்டு மேசையில அவங்க நாற்காலி காலி. அறையிலயும் ஆள் இல்ல." இனெஸ் கப்பலிலிருந்து பேசினாள். "படுக்கை மட்டும்... சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு."

அலோய்ஸ் பையைத் திறந்தார். பதினேழை எடுத்துக் காதில் வைத்தார். மைக் மேசைமேல் அணைந்து கிடந்தது.

தட்... தட்... தட்...

இரும்பில் கைத்தடி.

"தம்பி... கூப்பிடுறேன்னு சொன்னீங்களே..."

ஓடினார்.

6.52. பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை.

தள்ளினார். உள்ளே ஏதோ கனம்.

மறுபடி தள்ளினார்.

அந்த முழங்காலோடு உப்பன் அம்மா பதினெட்டுப் படியும் ஏறி வந்திருந்தார். கதவில் சாய்ந்தபடியே போயிருந்தது உயிர். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. தலையில் தொப்பி இல்லை. கழுத்தில் கருவி இல்லை.

ஆறரை வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர். தொப்பி கடைசிவரை கிடைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, இன்னொரு சாவிக்காரரான தீயணைப்புக் கிழவர் ஒரு பழைய அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். 1954 ஜூலை வெள்ளம். அந்த வீட்டில் இருந்த ஒன்பது பேரையும் படகில் ஏற்றினார்கள். படகுக்காரன் எண்ணினான். ஒன்பது. தண்ணீர் வடிந்தபின் வேலைக்காரப் பெண் கிரெசென்ஸ் அதே கதவுக்குப் பின்னால் கிடந்தாள். கடைசியாக ஏறியது அவள்தான், நான்தான் எண்ணினேன் என்று சாகும்வரை சத்தியம் செய்தானாம் படகுக்காரன்.

அப்படியானால் அன்று படகில் ஏறியது யார்? அறிக்கையில் இல்லை.

அலோய்ஸ் இப்போது தலைகளை எண்ணுவதில்லை. பட்டியல் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். போன ஏப்ரலில் ஒரு குழு, இருபத்தொரு பேர். இருபத்தொரு பெயரும் கூப்பிட்டார், இருபத்தொரு பதிலும் வந்தது. தாளை மடித்தார்.

கூட்டத்தின் கடைசியிலிருந்து, வடக்கத்திப் பேச்சில், ஒரு குரல்.

"தம்பி... என்னைக் கூப்பிடலியே?"