நூற்றுப் பதினாறில் ஆடிய வண்டி: தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை வழியாக வேளாங்கண்ணி

ரவி இந்தத் தை மாதம் ஊருக்கு வருவதாக இருந்தது. மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை போனில் கூப்பிட்டு, கம்பெனியில் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டிவிட்டார்கள் என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "வண்டி சும்மாதானே நிக்குது சுமதி, வித்துடலாமா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இந்தப் பயணம் அந்தக் கேள்வியால் வந்தது.

ரவி என் கணவர். மூன்று வருஷமாகக் கத்தாரில் ஏசி மெக்கானிக். நான் தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். அந்த வண்டி நானூறு சிசி டூரிங் பைக். அதில் நாங்கள் போகாத இடம் கம்மி. ஆனால் நான் போனதெல்லாம் பின்சீட்டில். பின்னால் உட்காருபவர்களுக்குத் தெரியும், அங்கிருந்து பார்த்தால் முதலில் ஒரு ஹெல்மெட், அதைச் சுற்றித்தான் மிச்ச உலகம். ஸ்பீடோமீட்டர் தெரியாது.

ஒரு தடவை வேளாங்கண்ணிக்குப் போனபோது, திருத்துறைப்பூண்டி தாண்டியதும் வந்த நேர்ச் சாலையில் "எவ்வளவு போகுதுங்க?" என்று கத்தினேன். "நூத்தி முப்பத்தெட்டு!" என்று அவரும் கத்தினார். முதுகில் ஒரு அடி போட்டுவிட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் போன பிறகு எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது அந்த இரண்டு மூன்று நிமிஷம்தான். கல்யாண நாள்கூட அவ்வளவு வருவதில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து அந்த எண்ணை ஒருதரம் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. விற்றுவிட்டால் அதுவும் போய்விடும்.

அந்த ஆசையில்தான், விற்கும் பேச்சு வருவதற்கு முன்னால் ஐப்பசியில் இருந்தே ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன், ரவிக்குச் சொல்லாமல். பத்து வருஷம் ஸ்கூட்டர் ஓட்டியவள், கியர் வண்டிக்கும் லைசென்ஸ் உண்டு. இருந்தாலும் கிட்டத்தட்ட இருநூறு கிலோ வண்டி வேறு சமாசாரம். எனக்கு இரண்டு நுனிக்கால்தான் தரையில் படும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் புறவழிச்சாலை ஓரமாகப் பழகினேன். இரண்டு தடவை விழுந்தேன். இரண்டும் வண்டி நின்றுகொண்டிருந்தபோது!

மாசி முதல் வெள்ளி அன்று காலை 5.50க்குக் கிளம்பினேன். வெள்ளி ரவிக்கு லீவு நாள், போய்ச் சேர்ந்ததும் பேசலாம் என்பதால் அந்த நாள். முந்தின நாளே டேங்க்கை நிரப்பியாச்சு. டயரில் காற்று பார்க்கவில்லை. இந்தத் தப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தஞ்சாவூரில் இருந்து ஒரத்தநாடு வழியாகப் பட்டுக்கோட்டை 48 கிலோமீட்டர். அறுபதைத் தாண்டாமல் போனதில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வழியெல்லாம் சம்பா அறுவடை பாதி முடிந்திருந்தது. அறுத்த வயல்களில் வைக்கோல் உருளைகள் பனியில் நனைந்து கிடந்தன. ஒரத்தநாடு தாண்டினால் வயல் குறைந்து தென்னை கூடிவிடும், குளிரும் கூடும். ஜாக்கெட் இல்லாமல் போகாதீர்கள்.

ரவியின் அக்கா வாசுகி வீடு பட்டுக்கோட்டை ஊருக்குள் நுழைவதற்கு முன்னாலேயே, தோப்புக்குள் இருக்கிறது. நான் ஹெல்மெட்டைக் கழற்றும் வரை யாரோ ஆம்பளை என்று நினைத்து வாசலில் நின்றார்.

"ஏய், நீயா? நீயா ஓட்டிட்டு வந்த? ரவிக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"தெரிய வேணாம். உள்ள வா, இட்லி சூடா இருக்கு."

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், வண்டியின் பின்பெட்டியைத் திறந்து உரித்த தேங்காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பதினைந்து. வேண்டாம் என்றேன். "காலிப் பெட்டியோடயா அனுப்புவாங்க?" என்று மூடியை அழுத்திப் பூட்டியே விட்டார். 8.15க்குக் கிளம்பினேன்.

அங்கிருந்து அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை. கடல் கண்ணில் படாது, காற்றில் மட்டும் இருக்கும். திருத்துறைப்பூண்டியில் டீ குடித்தபோது மணி 9.40. (டீ பதினைந்து ரூபாய், இஞ்சி தாராளம்.) முத்துப்பேட்டை தாண்டியதில் இருந்தே ஹேண்டில்பார் கொஞ்சம் லேசாக, தரையில் ஒட்டாதது மாதிரி இருந்தது. நமக்குத்தான் இன்னும் பழக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தேகாலுக்கு அந்த நேர்ச் சாலை வந்தது. இரண்டு பக்கமும் அறுத்த வயல், முன்னாலும் பின்னாலும் வண்டி இல்லை. சட்டப்படி நெடுஞ்சாலையில் பைக்குக்கு எண்பதுதான் வரம்பு. தெரிந்தேதான் மீறினேன், நியாயப்படுத்தவில்லை. தொண்ணூறு. நூறு. இன்ஜினுக்கு மூச்சே வாங்கவில்லை. நூற்றுப்பத்தில் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போல் இருந்தது. மனசுக்குள் ரவியிடம் பேசிக்கொண்டே போனேன். நூற்றுப் பதினான்கு. நூற்றுப் பதினாறு.

வலது பக்கம் கடலிலிருந்து ஒரு காற்று வந்து மோதியது. பின்பக்கம் மெதுவாக ஒருமுறை இடது, ஒருமுறை வலது என்று அசைந்தது. யாரோ பின்னால் உட்கார்ந்துகொண்டு வேண்டுமென்றே ஆட்டுவது மாதிரி. அடுத்த ஆட்டம் பெரிது. பயத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தேன், அதனால் இன்னும் மோசமானது. முழு வண்டியும் பாம்பு மாதிரி நெளிந்தது. சாலையின் வெள்ளைக்கோடு எனக்கு அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. பிரேக் பிடிக்க விரல் போனது. பிடிக்கவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள், கை மரத்துப்போயிருந்தது. அந்த மரத்த கையில்தான் ஆக்ஸிலரேட்டரும் தளர்ந்தது. முழங்கால் இரண்டும் தானாக டேங்க்கை இடுக்கிக்கொண்டன. நூறு, தொண்ணூற்று ஐந்து, தொண்ணூறு. எண்பத்தைந்துக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல நேராகிவிட்டது.

சாலையோரம் ஒரு நெல் அறுக்கும் மெஷின் நின்றது. அதன் பக்கத்தில் நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

மெஷின் ஓட்டுபவர் பெயர் முருகேசன், ஆத்தூர்க்காரர். அறுவடைக் காலத்தில் டெல்டாவுக்கு மெஷினோடு வந்துவிடுவாராம். வயல்காரர்கள் நாலைந்து பேரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தண்ணீர் பாட்டிலோடு எழுந்து வந்தார்.

"வண்டி ஆடினத பார்த்தேங்க. விழுந்துடுவீங்கன்னே நெனச்சேன். பெட்டியில என்ன வச்சிருக்கீங்க?"

"தேங்காய்."

"எத்தன?"

"பதினஞ்சு."

சிரிக்கவில்லை அவர். பெட்டியைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். "பின்சக்கரத்துக்கும் பின்னால போய் இவ்வளவு கனத்தத் தொங்க விட்டா முன்னாடி தூக்கிக்கும்ங்க. டிராக்டர்லயும் இதே கதைதான், ஸ்டியரிங் புடிக்காது. மெதுவா போனா தெரியாது. வேகத்துல காட்டிடும்." பிறகு குனிந்து பின் ஸ்பிரிங்கையும் அதை இறுக்கும் பல் வளையத்தையும் பார்த்தார். "இது ரெண்டு ஆளுக்கு வச்ச செட்டிங். ஏழு பல்லுல ஆறாவதுல நிக்குது. ஒத்த ஆளு போனா வண்டியோட பின்பக்கம் தூக்கலா நிக்கும், முன்சக்கரம் நேராப் போகாம அடம்புடிக்கும். கீழ எறக்கிடட்டுமா? எப்பவும் ஒத்த ஆளுதானே போவீங்க?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் அந்த வளையத்தை ஆறாவது பல்லில் வைத்தவர் ரவி. வண்டி வாங்கின மாதம், எங்கள் வீட்டு வாசலில் என்னைப் பின்னால் உட்கார வைத்து, எழுந்திருக்கச் சொல்லி, மறுபடி உட்கார வைத்து, எனக்காக வைத்தது. மூன்று வருஷமாக அதை யாரும் தொடவில்லை.

"ஸ்பேனர் எங்க இருக்குன்னு தெரியுங்க," என்றேன். "எப்படின்னு சொல்லுங்க, நானே எறக்குறேன்."

சீட்டுக்கு அடியில் இருந்த கொக்கி ஸ்பேனரை எடுத்தேன். வளையம் துருப்பிடித்து இறுகியிருந்தது. ஒவ்வொரு பல்லும் டக் என்று இறங்கும்போது எனக்குள்ளும் ஏதோ இறங்கியது. இரண்டாவதில் நிறுத்தினேன். பத்துத் தேங்காயை வயல்காரர்களிடம் கொடுத்துவிட்டு, மிச்சம் ஐந்தை ஒரு பையில் போட்டுப் பின்சீட்டில், எனக்கு ஒட்டினாற்போல் கட்டினேன். முருகேசன் பின் டயரையும் அழுத்திப் பார்த்து, நடுவில் தேய்ந்து தட்டையாகிவிட்டது, இதுவும் ஒரு காரணம் என்றார். போகும்போது, "எழுபதுலயே போங்க, ஊரு எங்கயும் ஓடிடாது," என்றார். எழுபதில் போனேன். ஹேண்டில் தரையைப் பிடித்துக்கொண்டது கையிலேயே தெரிந்தது.

வேளாங்கண்ணி 11.45. கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கடற்கரையில் உட்கார்ந்து ரவியைக் கூப்பிட்டேன். அங்கே காலை ஒன்பதே முக்கால் இருக்கும்.

"எங்க இருக்க? காத்து சத்தமா கேக்குது."

"வேளாங்கண்ணி. வண்டியில வந்தேன்."

"எந்த வண்டி?"

"நம்ம வண்டிதாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகத் திட்டினார். "அறிவிருக்கா? நூத்திப் பதினாறு போற ரோடா அது? ஒரு ஆடு குறுக்க வந்தா என்ன பண்ணுவ?"

"நீங்க மட்டும் நூத்தி முப்பத்தெட்டு போனீங்களே."

 

"போகல," என்றார்.

"என்ன?"

"அன்னிக்கு எண்பத்தஞ்சு தாண்டல சுமி. நீ பின்னாடி இருந்தா நான் என்னிக்குமே தாண்டினதில்ல. பயம். நீ ஆசையா கேட்டியேன்னு வாய்க்கு வந்த நம்பரச் சொன்னேன்."

கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, அப்புறம் மூக்கை உறிஞ்ச வேண்டியதாகிவிட்டது. இத்தனை நாளும் நான் ஏங்கிக்கொண்டிருந்தது எண்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு.

"வண்டிய விக்கலைங்க," என்றேன்.

"விக்க வேணாம். பின் டயர முதல்ல மாத்து. நான் கிளம்புறப்பவே பாதி தேஞ்சிருந்துச்சு."

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். என் மீட்டரில் சுற்று மொத்தம் 239 கிலோமீட்டர், பெட்ரோல் ஏறக்குறைய 860 ரூபாய். தனியாகப் போகிறீர்களா, இரண்டு பேரா என்று பார்த்து ஸ்பிரிங்கையும் டயர் காற்றையும் கிளம்பும் முன்பே மாற்றுங்கள். பழகும்போது பழைய வழக்கப்படி இரண்டு ஆளுக்கு அடித்த காற்றோடுதான் நான் அன்றைக்குப் போயிருக்கிறேன். பின்பெட்டியில் மழைக்கோட்டு மாதிரி லேசானது மட்டும் போதும், கனமானதை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் கட்டுங்கள். கம்பெனி போட்டிருக்கும் உச்ச வேகம் வெறும் வண்டிக்கு, நல்ல டயருக்கு, காற்றில்லாத நாளுக்கு. ஒருவேளை ஆட ஆரம்பித்தால் பிரேக்கை அழுத்தாமல், ஹேண்டிலை இறுக்காமல், ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விடுங்கள். எனக்கு அது தெரிந்து நடக்கவில்லை. அறுவடை மாதங்களில் பாதிச் சாலையில் நெல் காயும், வளைவு திரும்பினால் குவியல் இருக்கும். அதற்கே அறுபதுக்கு மேல் போகக்கூடாது.

திரும்பும்போது நாகப்பட்டினம், திருவாரூர் வழி. நாலரை மணிக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். இருபத்திரண்டு நிமிஷம். பக்கத்தில் ஒரு சின்ன பைக்கில் ஒரு தம்பதி. அந்த அம்மா வேலை முடித்து வந்த களைப்பில் கணவர் முதுகில் கன்னம் வைத்துத் தூங்கிவிட்டார். கேட் திறந்ததும் எல்லாரும் ஹாரன் அடித்துப் பாய்ந்தார்கள். அந்த மனிதர் மட்டும் எல்லாரையும் போகவிட்டு, தண்டவாளத்தில் குலுங்காமல் அடி அடியாக ஏறி இறங்கினார். முதுகை அசைக்கவே இல்லை. முப்பது, முப்பத்தைந்துக்கு மேல் போகவில்லை.

எதிரே சாலை காலியாகத்தான் இருந்தது. நான் முந்தவில்லை. வலங்கைமான் பக்கம் போகும் ஒரு சாலையில் அவர்கள் வலதுபுறம் திரும்பும் வரை அவர்கள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன்.